அண்ணனின் மூன்றாவது மாதம்

என் அண்ணன் கர்ப்பமானது ஒரு வியாழக்கிழமை காலையில், ஆஸ்பத்திரிக் கூட்ட அரங்கில், எல்லோர் முன்னிலையிலும், பலத்த கைதட்டலுக்கு நடுவே. அவனும் கைதட்டினான்.

அவன் எங்கள் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். நான் அதே ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூம் எழுத்தர். அன்றைக்கு அவனுக்கு அரங்கில் ஒரு வேலையும் கிடையாது. நாற்காலி பற்றவில்லை என்று நாலைந்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே ஏசி சுகமாக இருந்ததால் அப்படியே சுவரோரமாக நின்றுவிட்டான். அந்த ஏசிக்கு ஆசைப்பட்டுத்தான் கெட்டான்.

மேடையில் பிளாக்செயின் பொறியாளர் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்குச் சங்கிலியார் என்று பெயர் வைத்திருந்தோம். பிளாக்செயின் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். ஊரில் உள்ள ஐந்து ஆஸ்பத்திரிகளிலும் ஒரே நோட்டு. ஓரிடத்தில் எழுதினால் ஐந்திடத்திலும் விழும். ஒவ்வொரு பக்கமும் முந்தின பக்கத்தோடு சேர்த்துத் தைத்திருக்கும். எவனாவது ஒரு பக்கத்தைக் கிழித்தால் மற்ற நாலு நோட்டும் ஊரைக் கூட்டிவிடும். நோயாளி கைரேகை வைத்தால்தான் அவருடைய விவரத்தைப் பார்க்கவும் முடியும், எழுதவும் முடியும். நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்கு முன்பெல்லாம் நாங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கோப்பு, நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகுதான் அங்கே போய்ச் சேரும்.

ஆனால் பழைய ரெக்கார்டு ரூமில் ஒரு வசதி இருந்தது. தப்பாக எழுதினால் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம். அதற்கும் சோம்பல்பட்டால் எலி பார்த்துக்கொள்ளும். சங்கிலியார் எலிகளுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டார்.

"இனிமே நீங்க யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்ல. டாக்டரை, கிளார்க்கை, என்னைக்கூட நம்ப வேண்டாம். கணக்கு பார்த்துக்கும்" என்றார். அதைச் சொன்னவரை நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம்.

அடுத்து செய்து காட்ட வேண்டிய கட்டம். ஒத்திகைக்கென்று தனியாக வைத்திருந்த தளம் அன்றைக்குப் பார்த்துத் திறக்கவில்லை. சங்கிலியார் கோட்டுக்குள் வேர்த்து வழிய, நிஜச் சங்கிலியையே திறந்தார். கைரேகைக்கு ஒரு ஆள் வேண்டும். சுவரோரம் நின்றவன் கண்ணில் பட்டான்.

"டிரைவர் சார், இப்படி வந்து ஒரு விரல் வைங்க."

அண்ணன் வைத்தான். திரையில் அவன் விவரம் வந்தது. முன்வரிசையில் மகப்பேறு டாக்டரம்மா உட்கார்ந்திருந்ததால், அவரை மகிழ்விக்க நினைத்து சங்கிலியார் மகப்பேறு பக்கத்தைத் திறந்தார். கர்ப்பம்: ஆம். மாதம்: மூன்று. பட்டனைத் தட்டினார். ஐந்து ஆஸ்பத்திரிகளின் திரைகளும் பச்சையாக மின்னின. "பாருங்க, இனி இதை யாராலயும் அழிக்க முடியாது!" என்றார். அரங்கமே அதிர்ந்தது. ஆண் என்ற பெட்டி அப்படியேதான் இருந்தது. அந்தப் பெட்டிக்கும் கர்ப்பப் பெட்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது போலிருக்கிறது.

அதன்பிறகு அவன் போனுக்கு வாரா வாரம் செய்தி வரத் தொடங்கியது. "வாழ்த்துகள்! உங்கள் குழந்தை இப்போது எலுமிச்சம்பழ அளவில் இருக்கிறது." அவன் ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டான். ஆனால் போனை அண்ணியும் பார்ப்பாள் அல்லவா? "உங்கள் குழந்தை உதைக்கத் தொடங்கியிருக்கும்" என்பதைப் படித்துவிட்டு அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எவ அவ?" என்று மட்டும் கேட்டாள்.

நான் நேரில் போய் டெமோ கதையைச் சொல்லி, தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் அவனுக்கு வீட்டில் சாப்பாடு கிடைத்தது. ஆஸ்பத்திரியிலும் விஷயம் பரவியது. செக்யூரிட்டி முதல் மார்ச்சுவரி ஆள் வரைக்கும் "என்ன, மசக்கை எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். அண்ணனும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினான். நானும்தான் சிரித்தேன். அது எங்கள் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

எங்களுக்கு மூத்தவள் அக்கா. தண்ணீர் வாரியத்தின் புகார் பிரிவில் இருந்தவள். நாள் முழுக்க ஊர் திட்டுவதைப் போனில் கேட்டுவிட்டு, மாலையில் வட்டியும் முதலுமாக எங்களுக்குத் திருப்பித் தருவாள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். கையில் ஊசி ஏற்ற ரத்தக்குழாய் மிச்சமில்லாமல், கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். அதிலும் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்து வந்து போனது. "இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்கமாட்டாங்க. சீக்கிரம் மாற்று அறுவைக்குப் பாருங்க" என்று சிறுநீரக டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. என் சிறுநீரகம் பொருந்தவில்லை. அண்ணனுக்கு எல்லாமே பொருந்தியது. "சின்ன வயசுல இருந்து என் பங்கையெல்லாம் புடுங்கித் தின்ன. இப்ப திருப்பிக் குடு" என்றாள் அக்கா. அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து அழுதான். அதை நான் பார்த்தேன் என்று அவனுக்குத் தெரியாது.

மாற்று அறுவை பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். அதுவும் ஐந்தில் ஒன்று. தானம் கொடுப்பவருக்கு முதலில் வயிற்று சிடி ஸ்கேன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் அம்மா அவன் விரலை வாங்கி, திரையைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"இவருக்கு சிடி எடுக்க முடியாதுங்க. ஒன்பதாவது மாசம்."

சங்கிலி விவரத்தைச் சும்மா வைத்திருக்கவில்லை. மாதா மாதம் தானே கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் அவன் பெயருக்குச் சன்னலோரக் கட்டில்கூட ஒதுக்கியிருந்தது.

"அம்மா, ஆளைப் பாருங்க. மீசை வச்சிருக்காரு" என்றேன்.

"எனக்குத் தெரியுதும்மா. மிஷினுக்குத் தெரியலையே. சிடி ஆர்டர் இதுல இருந்து போனாத்தான் மிஷின் ஓடும். ரத்தம் ஒதுக்குறது, தியேட்டர், மருந்து எல்லாமே இது வழியாத்தான். கர்ப்பிணின்னு இருக்கிற வரைக்கும் எல்லாத்துக்கும் பூட்டு." அவரும் பாவம், நாலு பட்டனைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் திரை சிவந்தது.

நான் அண்ணனையும் இழுத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்கு ஓடிவந்து, விரலை வைக்கச் சொல்லி, அவன் விவரத்தில் ஒரு குறிப்பு சேர்த்தேன். "இது டெமோவில் போட்டது. இவர் கர்ப்பமாக இல்லை, ஆகவும் முடியாது." சங்கிலி அதையும் பயபக்தியோடு ஐந்து ஆஸ்பத்திரிகளிலும் தைத்து வைத்தது. ஆனால் பூட்டுப் போடும் நிரல் பெட்டிகளை மட்டும்தான் படிக்கும், குறிப்பைப் படிக்காது.

சங்கிலியாருக்குப் போன் போட்டேன். அவர் இப்போது வேறு ஊரில் மாட்டாஸ்பத்திரிகளைக் கோத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு மாடு கத்தியது.

"மேடம், சிஸ்டம் சரியாத்தான் வேலை செய்யுது. நீங்க குடுத்த தகவலைப் பத்திரமா வச்சிருக்கு."

"நாங்க எங்கங்க குடுத்தோம்? நீங்கதானே குடுத்தீங்க?"

"யார் சம்மதம் இருக்குன்னு பார்க்கிறேன் இருங்க... உங்க அண்ணன் கைரேகைதான் இருக்கு, மேடம்."

"தப்பாப் பதிஞ்சதுன்னு போட ஒரு பெட்டி இல்லையா?"

"தப்பே நடக்க முடியாத ஏற்பாடு மேடம் இது. அதுல அந்தப் பெட்டி எதுக்கு?" என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். விதியை மாற்ற வேண்டுமென்றால் ஐந்து ஆஸ்பத்திரிகளும் கூடிச் சம்மதிக்க வேண்டுமாம். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாடு மட்டும் பதில் சொன்னது.

ஐந்து ஆஸ்பத்திரிக் கூட்டம் கூடியது. நான்கு பேர் சரி என்றார்கள். ஐந்தாவது ஆஸ்பத்திரிக்காரர், "இன்னைக்கு ஒரு ஆளுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க" என்று ஆட்சேபித்தார். எந்த எல்லாரும்? ஊரில் உள்ள கர்ப்பிணி ஆம்பளைகளா? கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அந்த வாரமே அக்காவுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. குளிரில் அவள் பல் கிட்டிப்போய் நடுங்கியதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, அந்த ஐந்தாவது ஆஸ்பத்திரி இருக்கும் திசையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினேன். மனசு ஆறவில்லை.

கடைசியில் மகப்பேறு டாக்டரம்மாவிடம் போய் நின்றோம். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் நியாயமான மனுஷி.

"பொய்யெல்லாம் எழுதமாட்டேன். ஆனா நிஜத்தை எழுதலாம்ல? வயித்தை ஸ்கேன் பண்றேன். உள்ள குழந்தை இல்லைன்னா இல்லைன்னு போடறேன். அதுக்கப்புறம் சிஸ்டம் என்ன கேக்குதோ பார்ப்போம்" என்றார்.

ஸ்கேன் அறை வாசலில் கர்ப்பிணிகள் வரிசையில் அண்ணன் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த பெண் இரண்டு தடவை அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி நிறையக் குடிச்சீங்களா? அப்பத்தான் தெளிவாத் தெரியும்" என்றாள். அவன் மரியாதையாக எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்தான்.

ஸ்கேனில் கல்லீரல், குடல், நிறையத் தண்ணீர். வேறொன்றும் இல்லை. டாக்டரம்மா 'கருப்பையில் கரு இல்லை' என்று பதிந்தார். கருப்பையே இல்லை என்று பதியப் பெட்டி கிடையாது. சங்கிலி ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒரு கேள்வி வந்தது. கர்ப்பம் எப்படி முடிந்தது? நோயாளி கூறும் காரணத்தைத் தேர்ந்தெடுத்து, கைரேகை பெறவும். கீழே இரண்டே பெட்டிகள். குழந்தை பிறந்தது. கரு கலைந்தது.

"பிறந்ததுன்னு போட்டுடலாம், மங்களமா இருக்கும்" என்றான் அண்ணன்.

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "பிரசவம் ஆனவங்க ஒரு வருஷத்துக்கு உறுப்பு தானம் பண்ணக் கூடாதுன்னு இதுல விதி வச்சிருக்கு. அந்தக் குழந்தைக்கு ஒரு நம்பர் வேற விழும், தடுப்பூசிக்கு உங்களைத் துரத்துவாங்க. இன்னொண்ணுக்குத் தேதி கேக்குது. டெமோவுக்கு மறுநாள்னு போட்டா ஆறு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு, எந்தக் காத்திருப்பும் இல்ல. பூட்டுத் திறந்துரும்."

அக்காவுக்கு ஒரு வருஷம் இல்லை. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். டயாலிசிஸ் முடித்துவிட்டு, மாமா தள்ளிக்கொண்டு வந்த சக்கர நாற்காலியில் அக்காவும் அங்கேதான் இருந்தாள். விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அண்ணன் விரலை நீட்டினான்.

"வைக்காதே" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"அந்த வார்த்தையை விளையாட்டுக்கு எழுதாதீங்க. வேற வழி பாருங்க. இல்லைன்னா எனக்குக் கிட்னியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மாமா தரையைப் பார்த்தார். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் மூன்று முறை அப்படி ஆனது. மூன்றாவதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். நாங்களும் விட்டுவிட்டோம். பழைய கோப்புகளைச் சங்கிலியில் ஏற்றும் வேலை நடந்தபோது அவள் கோப்பு என் மேசைக்கு வந்தது. அதே பெட்டி, மூன்று தேதிகள். பக்கத்து மேசைக்காரி டீ குடிக்கக் கூப்பிட்டபோதும் எழுந்து போகாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னவென்று பேசுவது?

டாக்டரம்மா எழுந்து, சும்மா ஏதோ எடுப்பதுபோல் அலமாரியைத் திறந்து நின்றுகொண்டார்.

அண்ணன் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வயிற்றில் ஸ்கேன் ஜெல் பிசுபிசுவென்று இன்னும் துடைக்காமல் இருந்தது.

"அக்கா, விளையாட்டுக்கு எழுதலக்கா."

"பின்ன எதுக்குடா?"

"உன் பேர்ல மூணு இருக்கு. ஒண்ணாவது என் பேர்ல இருந்துட்டுப் போகட்டும். அழிக்க முடியாதாமே, நல்லதுதான். சாகுற வரைக்கும் இருக்கட்டும். என்ன இப்ப, என் அழகு கெட்டுடுமா?"

அக்கா அவனை முறைத்தாள். பிறகு அவளே அவன் கையைப் பிடித்து, கட்டைவிரலை எடுத்து, கருவியின்மேல் வைத்து அழுத்தினாள்.

ஐந்து ஆஸ்பத்திரிகளும் பச்சையாகின. உடனே அண்ணன் போன் முனகியது. "தங்கள் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தங்கள். நீங்கள் தனியாக இல்லை." அதற்குக் கீழே இன்னொன்று. இழப்புக்குப் பிந்தைய மனநல ஆலோசனை கட்டாயம், அது முடிந்த பிறகே அடுத்த சிகிச்சைகளுக்குப் பூட்டுத் திறக்கும். நான் சங்கிலியாரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். அக்கா அண்ணன் கையிலிருந்து போனை வாங்கி, முதல் செய்தியை மட்டும் படித்தாள். மறுபடி படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

ஆலோசனை அறை இரண்டாவது மாடியில் இருந்தது. சின்ன அறை. ஒரு மேசை, காகிதக் கைக்குட்டைப் பெட்டி, யாரோ தண்ணீர் ஊற்ற மறந்த தொட்டிச் செடி. ஆலோசகர் வேலைக்குப் புதுசு போல. கணினியில் அண்ணன் விவரத்தைத் திறந்தார். திரையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாக விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இருக்கிற கேள்வியெல்லாம் நான் கேட்டே ஆகணும். இல்லைன்னா முடிஞ்சதுன்னு எடுத்துக்காது. சும்மா பேருக்குப் பதில் சொல்லுங்க, போதும்" என்றார்.

"கேளுங்க" என்றான் அண்ணன்.

"தூக்கம் வருதா?"

"வண்டியிலகூட வரும்."

"பசி?"

"அதுக்குக் குறைச்சல் இல்ல."

"இழப்பு பத்தி வீட்ல யாராவது உங்ககிட்ட உட்கார்ந்து பேசினாங்களா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அக்கா, "இல்ல" என்றாள். ஆலோசகர் திரும்பினார். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு சொன்னாங்க. எல்லாரும் அதையேதான் சொன்னாங்க" என்றாள். புகார் எடுப்பவள் குரல் இல்லை அது. அந்த எல்லாரிலும் நான் உண்டு.

ஆலோசகர் அந்தப் பதிலையே தட்டினார். விரலை எடுக்காமல் அடுத்த கேள்வியை அக்காவைப் பார்த்தே கேட்டார்.

"குழந்தைக்குப் பேர் ஏதாவது யோசிச்சு வச்சிருந்தீங்களா?"

மாமா சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கழுத்துக் குழாயின் கட்டுத்துணியை நீவிவிட்டபடி இருந்தாள். பிறகு ஒரு பெயரைச் சொன்னாள். சற்றுப் பொறுத்து இன்னொரு பெயர். பிறகு மூன்றாவது. மூன்றையும் நாங்கள் இதுவரை கேட்டதே இல்லை.

"மூணாவதுக்கு உங்க மாமாதான் வச்சாரு" என்றாள் எங்களிடம். மாமாவின் தோள்கள் குலுங்கின.

ஆலோசகரின் விரல் எதன்மேலோ பட்டிருக்க வேண்டும். ஆலோசனை முடிந்தது என்று திரை தானே எடுத்துக்கொண்டது. அண்ணன் போன் அதிர்ந்தது. நான் எட்டிப் பார்த்தேன். பூட்டுத் திறந்துவிட்டது. நாளைக் காலையே சிடி, பின்னாலேயே அறுவைக்கான நாளும் குறித்து வந்திருந்தது. எத்தனை வாரமாக அந்த ஒரு செய்திக்கு நாங்கள் நாயாக அலைந்தோம்.

அண்ணனும் அதைப் பார்த்தான். போனைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"நீ சொல்லுக்கா" என்றான்.